பழைய கணக்கு

நீங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஓர் ஆள் பக்கத்தில் வந்து நின்று, காதோரம் குனிந்து, ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? 'போய்யா, நிம்மதியா சாப்பிட விடு' என்பீர்கள்.

ஆனால், அப்படி ஓர் ஆளை உத்தரவு போட்டு வைத்துக்கொண்டார் ஒரு சக்கரவர்த்தி. பாரசீகத்தின் முதலாம் டேரியஸ். சுமார் 2,500 வருடங்களுக்கு முந்தைய சங்கதி. அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட சார்டிஸ் என்ற ஊரை (இன்றைய துருக்கியில் இருக்கிறது) கி.மு. 498-இல் கிரேக்கர்கள் எரித்துவிட்டார்கள். ஏதென்ஸ்காரர்களும் அதில் கூட்டு என்று சேதி வந்தது. 'ஏதென்ஸா... யாரது?' என்று கேட்டாராம் டேரியஸ். விவரம் சொன்னார்கள். வில்லை வாங்கி வானத்தைப் பார்த்து ஓர் அம்பு விட்டார். பழிவாங்க வரம் கேட்டார். பிறகு ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, தான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏதென்ஸை மூன்று தடவை ஞாபகப்படுத்தும்படி சொன்னார்.

இதை எழுதி வைத்தவர் ஹெரோடோட்டஸ். அவரைச் சரித்திரத்தின் தந்தை என்பார்கள். கொஞ்சம் கதை கட்டுகிறவர் என்றும் சொல்வார்கள். நடந்ததோ, கட்டியதோ, போகட்டும். அதில் ஓர் உண்மை இருக்கிறது. பசி தானாக வரும். தூக்கம் தானாக வரும். பழைய கோபம் தானாக வராது. அதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆள் போட வேண்டும்!

சார்டிஸ் எரிந்த விதத்தைப் பாருங்கள். அந்த ஊர் வீடுகளில் பெரும்பாலானவை நாணலால் ஆனவை. ஒரு சிப்பாய் ஒரே ஒரு வீட்டுக்குத் தீ வைத்தான். அது தாவித் தாவி ஊரையே பிடித்துக்கொண்டது. அதில் ஒரு பெண் தெய்வத்தின் கோயிலும் போனது. ஒரு சிப்பாய், ஒரு தீப்பந்தம். கணக்கு அங்கேதான் ஆரம்பம்.

டேரியஸ் கி.மு. 490-இல் படை அனுப்பினார். அது மாரத்தானில் தோற்றுத் திரும்பியது. நான்கு வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். பட்டத்துக்கு வந்தவர் மகன் ஜெர்க்ஸஸ். இந்த மகனுக்குக் கிரேக்கத்தின் மேல் படையெடுக்க முதலில் ஆர்வமே இல்லையாம். இதையும் ஹெரோடோட்டஸ்தான் சொல்கிறார். விடாமல் தூபம் போட்டவர் அத்தை மகன் மார்டோனியஸ். அப்பாவுக்கு நேர்ந்த அவமானம், நாட்டின் மானம் என்று என்னென்னவோ பேசியிருக்கிறார். உள்ளே வேறு ஒரு ஆசை. கிரேக்கத்தைப் பிடித்தால் அதற்குத் தானே கவர்னராகிவிடலாம்.

கி.மு. 480-இல் ஏதென்ஸ் எரிந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் மேல் இருந்த கோயில்கள் எரிந்தன. சார்டிஸ் கோயிலுக்கு இது பதில். கணக்கு நேராகிவிட்டது என்று பாரசீகர்கள் நினைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட கணக்கில் ஒரு தொல்லை உண்டு. ஒரு பக்கம் 'வரவு' என்று எழுதினால், அதே வரி எதிராளியின் நோட்டில் 'பாக்கி' என்று ஏறும்.

சரி, இப்போது உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஈரானின் தெற்கே ஷீராஸ் என்று ஒரு நகரம். கவிஞர் ஹாஃபிஸ் அடக்கமாகியிருக்கும் ஊர். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் ஒரு வறண்ட மலை. அதன் பெயர் கூஹே ரஹ்மத். கருணை மலை என்று அர்த்தம். அதன் அடிவாரத்தில், மலையை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய பிரமாண்டமான கல் மேடை ஒன்று இருக்கிறது. நீளம் 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் சுமார் 300 மீட்டர். அதன் மேல் மொட்டைத் தூண்கள், கூரையில்லாத வாசல்கள், மூக்குடைந்த கல் காளைகள். பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்று. டேரியஸ் கி.மு. 518 வாக்கில் ஆரம்பித்து, மகனும் பேரனும் தொடர்ந்து கட்டியது. நமக்குத் தெரிந்த பெயர் பெர்செபோலிஸ்.

அந்தப் பெயரே கிரேக்கப் பெயர். எரித்தவர்களின் பாஷை! கட்டியவர்கள் வைத்த பெயர் பார்சா. அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வது தக்தே ஜம்ஷீத். ஜம்ஷீதின் சிம்மாசனம் என்று பொருள். ஜம்ஷீத் புராணக் கதைகளில் வரும் ராஜா. காலப்போக்கில் கட்டியது டேரியஸ் என்பது மறந்துபோய், அந்த ஊர்க்காரர்களே ஒரு புராண ராஜாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

மேடைக்கு ஏறும் படிகள் 111. ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்காது. ஏறினால் ஜெர்க்ஸஸ் கட்டிய 'எல்லா நாடுகளின் வாசல்'. அதைத் தாண்டினால் அபதானா என்கிற பெரிய சபா மண்டபம். 72 தூண்கள் இருந்த இடத்தில் இன்று 13 நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம்.

தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அபதானாவின் கிழக்குப் படிக்கட்டுக்குப் போங்கள். சுவர் முழுக்கச் சிற்பம். பேரரசின் 23 ஜனக் கூட்டங்கள் காணிக்கையோடு வரிசையாக வருகிறார்கள். ஒட்டகம், குதிரை, ஆட்டுக்கடா, பாத்திரம், துணி என்று ஆளுக்கொன்று. அதில் சிந்து நதிப் பக்கத்திலிருந்து வந்த இந்தியர்களும் உண்டு. வெற்று மார்பு, இடுப்பில் வேட்டி மாதிரி ஒரு துணி, ஒருவர் தோளில் அசல் காவடியேதான்! இரண்டு பக்கமும் கூடை. உள்ளே தங்கப் பொடி என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரையும் ஓர் அரண்மனை அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். இந்த வரிசையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் மண்டியிடவில்லை. இது அரசாங்கம் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சர்டிஃபிகேட்தான், உண்மை நிலவரம் வேறாகவும் இருந்திருக்கும். இருந்தாலும் தன்னை இப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம்.

இதைக் கட்டியது யார்? பல தேசத்து வேலைக்காரர்கள். எகிப்தியர்கள், பாபிலோனியர்கள்... கூடவே கிரேக்கர்களும். இங்கே கிடைத்த களிமண் ஏடுகளில் ஒன்று கிரேக்க மொழியிலேயே இருக்கிறது. இவ்வளவு ஒயின், இந்த மாதம் என்று ஒரு சின்னக் குறிப்பு. அவ்வளவுதான். கிரேக்கர்களும் உளி பிடித்த இடத்துக்குத்தான் பின்னால் கிரேக்கர்கள் தீ வைத்தார்கள்.

அந்தக் கதைக்கு வருவோம்.

கி.மு. 330. ஏதென்ஸ் எரிந்து 150 வருடம் ஆகிவிட்டது. எரித்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. எரிவதைப் பார்த்தவரும் இல்லை. ஏதென்ஸிலேயே அந்தக் குன்றின் மேல் பார்த்தினன் கோயிலை எழுப்பி நூறு வருடம் ஓடிவிட்டது. இந்த நிலையில் மாசிடோனியாவின் அலெக்சாண்டர் பெர்செபோலிஸுக்குள் நுழைகிறார். கஜானாவைக் காலி செய்ய 10,000 ஜோடி கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் புளூட்டார்க். ஊர் சூறையாடப்பட்டது. சில மாதங்கள் தங்கிவிட்டு, கிளம்பும் சமயத்தில் அரண்மனைக்குத் தீ வைத்தார்கள்.

ஏன்? இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரு குடி விருந்தில் தாயிஸ் என்ற ஏதென்ஸ் பெண் உசுப்பிவிட்டாள், போதையில் எல்லோரும் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்பது. இன்னொன்று, அலெக்சாண்டர் நிதானமாக யோசித்தே செய்தார், ஏதென்ஸ் கோயில்களுக்குப் பழி தீர்த்தார் என்பது. எரிக்க வேண்டாம் என்று தடுத்தவர் வயதான தளபதி பர்மேனியன். அவர் வாதம் எளிமையானது. ஜெயித்தாகிவிட்டது, இது இப்போது நம் சொத்து, நம் வீட்டை நாமே எரிப்போமா? எடுபடவில்லை.

புளூட்டார்க் இன்னொரு காட்சியும் சொல்கிறார். கூட்டம் முண்டியடித்ததில் ஜெர்க்ஸஸின் பெரிய சிலை ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அலெக்சாண்டர் அதன் முன்னால் நின்றார். கிரேக்கத்தின் மேல் படையெடுத்ததற்காக உன்னை இப்படியே கிடக்க விடுவதா, உன் பெருந்தன்மைக்காகத் தூக்கி நிறுத்துவதா என்று உயிருள்ள மனிதரிடம் பேசுவது மாதிரி பேசினாராம். வெகுநேரம் மௌனமாக நின்றார். பிறகு ஒன்றும் செய்யாமல் நடையைக் கட்டினார்.

சிலையிடம் ஏன் பேச வேண்டும்? கேட்க வேண்டிய ஆள் இல்லை. அதுதான் காரணம்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கி.மு. 480-இல் ஏதென்ஸை எரித்த படை வந்தபோது மாசிடோனியா யார் பக்கம்? பாரசீகத்தின் பக்கம்! அப்போதைய மாசிடோனிய மன்னர் பாரசீகத்துக்குக் கட்டுப்பட்டவர். பாரசீகத் தளபதிக்காக ஏதென்ஸுக்குத் தூது போனவர். அவர் பெயர்... அலெக்சாண்டர்! முதலாம் அலெக்சாண்டர். நம் அலெக்சாண்டரின் நேர் மூதாதை. ரகசியமாகக் கிரேக்கர்களுக்கும் சேதி சொல்லி உதவினார் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஆக, தாத்தாவின் தாத்தா காலத்துப் பழியைத் தீர்க்க வந்தவரின் சொந்தத் தாத்தாவே எதிரணியில் இருந்தவர். குடும்பக் கணக்கை ஒழுங்காகப் புரட்டியிருந்தால் தீப்பந்தத்தை யார் வீட்டுக்குக் கொண்டு போவது என்று குழம்பியிருப்பார்.

அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதியவர்களில் அரியன் அவர்மேல் மிகுந்த மதிப்பு வைத்தவர். அவரே இந்த ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. என்றைக்கோ செத்துப்போன பாரசீகர்களுக்கு இது எப்படித் தண்டனையாகும் என்பது அவர் கட்சி. ஆறு வருடம் கழித்து அந்தப் பக்கம் திரும்பி வந்தபோது, தான் செய்ததை அலெக்சாண்டரே மெச்சிக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இதே அலெக்சாண்டர் இன்னொரு காரியமும் செய்தார். ஏதென்ஸிலிருந்து ஜெர்க்ஸஸ் தூக்கிக்கொண்டு போன இரண்டு வெண்கலச் சிலைகள் சூசா நகரத்தில் கிடந்தன. அவற்றைப் பத்திரமாக ஏதென்ஸுக்குத் திருப்பி அனுப்பினார் என்கிறார் அரியன். ஒரே மனிதர், ஒரே பழைய கணக்கு, தீர்த்த விதம் இரண்டு. சிலை வந்ததில் ஏதென்ஸ்காரர்களுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்தது. அரண்மனை எரிந்ததில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? யோசித்துப் பாருங்கள்.

'ராஜா காலத்துக் கதை, நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு ஒன்று இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். ஏன் பேச்சு இல்லை என்று கேட்டால், 'தாத்தா காலத்துல வரப்புத் தகராறு', 'கல்யாணப் பத்திரிகையில பேர் போடல', 'பாகம் பிரிச்சப்ப மேல வீட்டை அவங்க அமுக்கிட்டாங்க' என்று ஏதாவது ஒன்று வரும். சண்டை போட்ட இரண்டு பேரும் போட்டோவாகச் சுவரில் மாட்டப்பட்டு, மாலையோடு இருப்பார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள் ஒரே ஆபீஸ் லிஃப்டில் ஏறினாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செல்போனைப் பார்ப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கோபமா? இல்லை. அது அவர்களுக்குச் சாப்பாட்டோடு ஊட்டப்பட்டது. டேரியஸ் வீட்டு வேலைக்காரன் நம் வீடுகளிலும் உண்டு. சில வீட்டில் சித்தப்பா, சில வீட்டில் பாட்டி. சில சமயம் மேடையில் மைக்கோடு நிற்பார், சில சமயம் செல்போனில் ஃபார்வர்டாக வருவார். அவர் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மார்டோனியஸ் மாதிரி அவருக்கும் ஏதாவது கவர்னர் பதவி கண்ணில் தெரிகிறதா என்று பாருங்கள்.

'அப்படியானால் எல்லாத்தையும் மறந்துடணுமா? அநியாயம் பண்ணினவன் ஜாலியா போயிடலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறப்பது வேறு, மன்னிப்பது வேறு, நியாயம் கேட்பது வேறு. கண்ணகி மன்னனிடம் நியாயம் கேட்டாள். இழந்தது அவள் கணவன். தவறாகத் தீர்ப்புச் சொன்ன மன்னன் எதிரிலேயே இருந்தான். சிலம்பை உடைத்ததும் அவனே தன் தவற்றை உணர்ந்து உயிரை விட்டான். அந்த இடத்தில் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு மதுரை எரிந்ததே, அதுதான் இன்று வரை பட்டிமன்றம். முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி நெருப்புக்குக் கட்டளை போட்டதாக இளங்கோ எழுதியதில், அந்த ஊரில் குற்றமே செய்யாதவர்களும் இருந்தார்கள் என்ற கவலை தெரிகிறது.

அடிபட்டவர் அடித்தவரிடம் கேட்பது நியாயம். அடிபட்டவரின் பேரன், அடித்தவரின் பேரனிடம் கேட்டால்? இங்கேதான் நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். கடன் ஒன்று, தண்டனை இன்னொன்று.

அப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும், அது புண்ணியக் கடமை என்று இந்துச் சட்டத்தில் ஒரு பழைய கொள்கை இருந்தது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாங்கும் கடனுக்கு, வெறுமனே 'நீ அவர் பேரன்' என்ற காரணத்தைச் சொல்லி ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால், தாத்தாவின் சொத்து பேரன் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மேல் இருக்கிற கடனும் சேர்ந்தே வரும். எவ்வளவு அழகான பாகுபாடு! கையில் வந்த பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ரத்தத்தில் வந்த பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். பாவத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நம் முன்னோர் பெருமையைப் பேசும்போது 'நாம' என்கிறோம். 'நாம அந்தக் காலத்துலயே கப்பல் விட்டோம்.' அதே முன்னோர் செய்த அநியாயத்தைப் பேசினால், 'அவங்க அப்படி இருந்தாங்க, அந்தக் காலம் அப்படி' என்கிறோம். பெருமைக்கு நாம், பழிக்கு அவர்கள்! 1971 அக்டோபரில் ஈரானின் ஷா இதே பெர்செபோலிஸில் பாரசீக முடியாட்சியின் 2,500-வது ஆண்டு விழா கொண்டாடினார். உலகத்து ராஜாக்களும் தலைவர்களும் வந்தார்கள். இடிபாடுகளுக்குப் பக்கத்தில் சொகுசுக் கூடார நகரம். விருந்து பாரிஸின் மாக்ஸிம்ஸ் உணவகத்திலிருந்து. பழைய சக்கரவர்த்திகளின் வாரிசு தான்தான் என்று சொல்லிக்கொண்டார். 1979-இல் அந்த மக்களே அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். பழைய பெருமையைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. பழியும் அப்படித்தான்.

இப்போது இந்த இடிபாடுகளின் உண்மையான பொக்கிஷத்துக்கு வருவோம். அது தங்கம் அல்ல, கணக்கு! 1933-34-இல் மேடையின் கோட்டைச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளும் துண்டுகளும் கிடைத்தன. டேரியஸ் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் எழுதியவை. யாருக்கு எவ்வளவு பார்லி படியளந்தோம், எவ்வளவு ஒயின், எத்தனை ஆடு, பிரயாணம் போனவருக்கு வழியில் எவ்வளவு மாவு... இதுதான் அதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்களுக்குத் தனிப் படி. ஆண் பிள்ளையென்றால், பெண் பிள்ளையைப் போல இரண்டு மடங்கு! (அங்கேயுமா என்று பெருமூச்சு விடுகிறீர்கள், கேட்கிறது.) சில வருடம் கழித்து, எரிந்துபோன கஜானாவின் இடிபாட்டிலும் ஏடுகள் கிடைத்தன. நெருப்பு தோல் ஆவணங்களைத் தின்றுவிட்டது. களிமண்ணைச் சுட்டு இறுக்கிவிட்டது. ராஜாக்களின் பெருமையை அழிக்க வைத்த தீ, கூலிக்காரர்களின் சம்பளக் கணக்கைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது!

கோட்டைச் சுவரில் கிடைத்த ஏடுகளைப் படித்துச் சொல்வதற்காக 1930-களில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு பழைய கணக்கு அவற்றைத் துரத்திக்கொண்டு வந்தது.

1997 செப்டம்பரில் ஜெருசலேமின் ஒரு கடைத்தெருவில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஐந்து பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். நடத்தியது ஹமாஸ். அதற்கு ஈரான் உதவியது என்று முடிவு செய்த அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, 2003-இல் 7 கோடியே 15 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. ஈரான் தரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தேடிப் பார்த்தார்கள். அமெரிக்க மண்ணில் ஈரானுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? சிகாகோவில் களிமண் ஏடுகள் இருக்கின்றன. ஜப்தி செய்து ஏலம் விட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள்.

அவர்கள் கேட்டது தப்பா? சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். இவர்கள் யாரோ ஒருவரின் பேரன்கள் இல்லை. தங்கள் உடம்பில் காயம் வாங்கியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். கையில் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அரசின் கடனுக்கு அரசின் சொத்து என்பது பலமான வாதம்தான். ஆனால், அந்த ஏடுகள் எந்த அர்த்தத்தில் இன்றைய அரசின் சொத்து? நம் ஊர்ப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். கோயில் அறங்காவலர் கடன் வாங்கிவிட்டார். அதற்காக மூலவர் சிலையை ஏலம் விட முடியுமா? சிலை அவர் பொறுப்பில் இருக்கிறது, அவர் பாக்கெட்டில் இல்லை. கேட்டவர்கள் கேட்டது நியாயம். ஆனால் கை வைத்த பெட்டி, 2,500 வருடத்துக்கு முன்னால் பிள்ளை பெற்ற யாரோ ஒரு கூலிக்காரியின் படிக் கணக்கு இருக்கிற பெட்டி.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, ஜப்தி செய்ய முடியாது என்றார்கள். தர்ம நியாயம் பேசவில்லை, சட்டப் பிரிவைத்தான் பார்த்தார்கள். 2019-இலும் 2023-இலும் அந்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் ஈரானுக்குத் திரும்பின. காயம்பட்டவர்களின் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மை.

அதே 2018-இல், அதே அமெரிக்காவில் இன்னொரு சம்பவம். பெர்செபோலிஸ் சுவரிலிருந்து 1930-களில் திருடுபோன ஒரு காவல் வீரனின் சிற்பம் பல வருடம் கனடாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. அங்கிருந்தும் திருடுபோய், கை மாறி, 2017-இல் நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் சந்தையில் மாட்டியது. பறிமுதல் செய்து, மறு வருடம் ஈரானுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். எண்பது வருடப் பழைய கணக்கு. யார் வீடும் எரியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2020 ஜனவரி 4. ஈரானின் தளபதி சுலைமானி அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்ட மறுநாள். ஈரான் பதிலடி கொடுத்தால் 52 இடங்களைத் தாக்குவோம், அதில் ஈரானின் கலாசாரத்துக்கு முக்கியமானவையும் இருக்கின்றன என்று அறிவித்தார் அமெரிக்க அதிபர் டிரம்ப். அதென்ன 52? 1979-இல் டெஹ்ரான் தூதரகத்தில் பிடிக்கப்பட்டு 444 நாள் அடைபட்டுக் கிடந்த அமெரிக்கர்கள் 52 பேர். ஆளுக்கு ஓர் இடம்! நாற்பது வருடம் ஆனாலும் எண்ணிக்கை பிசகவில்லை. பெர்செபோலிஸ் என்று அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால், உலகம் முழுக்கப் பலருக்கும் முதலில் அந்தத் தூண்கள்தான் ஞாபகம் வந்தன. கலாசாரச் சின்னங்களைத் தாக்குவது 1954-இல் ஹேக் நகரில் செய்த ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று எதிர்ப்பு கிளம்பியது. போர் விதிகளை மீற மாட்டோம் என்று அவருடைய ராணுவ அமைச்சரே சொல்ல வேண்டியிருந்தது. பெர்செபோலிஸ் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வருடம் எது தெரியுமா? அதே 1979.

அந்த 52 பேரின் வேதனை பொய்யல்ல. தெரு வெடிப்பில் காயம்பட்டவர் வேதனையும் பொய்யல்ல. ஏதென்ஸ் கோயில்கள் எரிந்ததும் நிஜம்தான். பழிவாங்கல் எப்போதும் ஓர் உண்மையான காயத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதனால்தான் அது நியாயம் மாதிரியே முகம் காட்டுகிறது. ஆள் மாறும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

ஆகவே, பழைய கணக்கோடு உங்களிடம் யாராவது வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அடித்தவர் இருக்கிறாரா? அடிபட்டவர் இருக்கிறாரா? அந்த அநியாயத்தில் வந்த பொருள் ஏதாவது இன்னும் யார் கையிலாவது, முக்கியமாக என் கையில், இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் நியாயம் கேளுங்கள், துணைக்கு நில்லுங்கள். மூன்றாவதுக்கு 'ஆமாம்' என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். மேல வீட்டுப் பங்காக இருந்தாலும் சரி, பாட்டியின் பித்தளை அண்டாவாக இருந்தாலும் சரி. மூன்றுக்குமே 'இல்லை' என்றால், காதோரம் குனிந்து நிற்பவரை உட்காரச் சொல்லி, அவருக்கும் ஒரு இலை போடுங்கள். பாவம், அவரும் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ!